முதலில் புழுக்கள் குடித்தன

எண்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நான், நீண்ட விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு வந்தேன். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. தாப்பாவிலிருந்து ஏறிய பஸ்ஸில் என் மடியில் இருந்தது துணிமணி இல்லை. பழைய கைலியில் சுற்றிய ஒரு நுண்ணோக்கியும், ஒரு பிஸ்கட் டின் நிறையப் புழுக்களும்!

முகம் சுளிக்காதீர்கள். மண்ணில் வாழும் உருளைப் புழுக்கள் அவை. ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். கண்ணாடி போல உடம்பு. யாருக்கும் கெடுதல் செய்யாது. வாழ்நாளே இரண்டு மூன்று வாரம்தான். தேநீர் உடம்புக்கு நல்லதா, ஆயுளைக் கூட்டுமா என்று மனிதரிடம் கேட்டால் பதில் வர ஒரு தலைமுறை ஆகும். இவற்றிடம் கேட்டால் ஒரு விடுமுறைக்குள் தெரிந்துவிடும். கோலாலம்பூர் வெயிலில் அவற்றுக்குக் குளிர்பெட்டி வேண்டும். எங்கள் மலையில் சன்னலைத் திறந்து வைத்தால் போதும். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித்தான் விரிவுரையாளரிடம் நுண்ணோக்கியை இரவல் வாங்கியிருந்தேன்.

அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "லயத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி டிரஸர் வயித்துப் பூச்சிக்கு மருந்து ஊத்துறாரு. இவ என்னடான்னா பூச்சிக்குத் தேத்தண்ணி ஊத்துறா!"

பண்டிகைக்குப் பலகாரம் செய்யும் கடற்பாசியான அகார்-அகார் காய்ச்சி, சின்னத் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்தேன். புழுக்களுக்கு அதுதான் மெத்தை. "கலர் போடலியாடி? தீபாவளிக்கு யாரு சாப்பிடுவா இத?" என்று அக்கா கிண்டல் செய்தாள்.

என் நுண்ணோக்கிக்கு மின்விளக்கு கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான். மூடுபனி விலகி வெயில் சன்னலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் கண்ணை வைத்தால், அப்பா! பொன்னிற வெளிச்சத்தில் யாரோ மெல்லிய கோடுகளால் எழுதி எழுதி அழிப்பது போல அவை நெளியும். தொண்டை துடிப்பதுகூடத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்த வெளிச்சத்துக்குள் மிதப்பதுபோல இருக்கும். சோறு ஆறிப்போகும். அம்மா கூப்பிடுவது எங்கோ அடுத்த மலையில் கேட்கும்.

அக்கா கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்காது. இளங்கொழுந்தைக் கிள்ளி மென்றால் மட்டும் குமட்டல் அடங்குகிறது என்பாள். அந்தத் துவர்ப்பு அவளுக்கு அமிர்தம்.

வீட்டுத் தேயிலையோடு பச்சைக் கொழுந்தையும் சோதித்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டதும் ஒரு சாயங்காலம் மடியில் கொஞ்சம் கொண்டுவந்தாள். "ஓடைக்கு மேல உள்ள மேட்டுல கிள்ளினேன். நாளைக்கு அங்கதான் எங்களுக்கு வேலை. அருமையான கொழுந்துடி!"

வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் அந்தச் சாற்றை ஒரு தட்டில் விட்டேன். இன்னொன்றில் வீட்டுத் தேநீர். மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

மறுநாள் பனி விலக நேரமாயிற்று. வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். வெறும் தண்ணீர்த் தட்டில் புழுக்கள் வழக்கம்போல. தேநீர்த் தட்டில் அதைவிடக் கும்மாளம். கொழுந்துத் தட்டில் எல்லாம் குச்சி குச்சியாக நீட்டிக் கிடந்தன. என் கண் இமை மயிர் ஒன்றைப் பல்குச்சி நுனியில் ஒட்டி வைத்திருந்தேன், புழுவைத் தொட அதைவிட மென்மையான கருவி கிடையாது. அதைக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்றும் அசையவில்லை.

தேயிலையா கொன்றது? பக்கத்துத் தட்டில் தேயிலை குடித்தவை ஆடிக்கொண்டிருக்கின்றனவே! அப்படியானால் தேயிலை இல்லை. இலையின் மேல் இருந்த ஏதோ ஒன்று.

செடிக்கு அடிக்கிற மருந்து.

அக்காவின் வாய் நினைவுக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

மேலே போகப் போக மறுபடி பனி. பாதை காலடியில் மட்டும் இருந்தது. முன்னும் பின்னும் வெள்ளை. யாரோ மேலிருந்து கண்ணை வைத்துப் பார்க்க, நான் ஒரு தட்டில் நெளிந்து போவதுபோல இருந்தது. ஓடைச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். பிறகுதான் கூடைகள், தலைகள், வேலை வாங்கும் கங்காணி.

"கங்காணி மாமா, ஆளுங்கள எறக்குங்க! இந்த மேட்டுல மருந்து அடிச்சிருக்கு!"

"யாரு சொன்னா?"

"புழு... என் புழுவெல்லாம் செத்துப்போச்சு."

நிரை நிரையாகச் சிரித்தார்கள். கங்காணி தலையைச் சொறிந்தார். "ஏம்மா, தொரைகிட்ட நான் என்னான்னு சொல்றது? புழு செத்துச்சு, அதான் ஆள எறக்கிட்டேன்னா? கொடி இல்லையே!"

மருந்து அடிக்கிறவர்களுக்கு மேற்பார்வை வேறு ஒரு மண்டோர். அடித்த மேட்டின் வாயில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையில் உள்ள பேச்சு அந்தத் துணி மட்டும்தான். அது இல்லையென்றால் உள்ளே போய்க் கொழுந்து எடுக்கலாம். அதுதான் வழக்கம்.

நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேரே அக்காவிடம் போனேன். "வாய்ல போட்டியா?"

"இன்னும் இல்லடி. ரொட்டி நேரத்துல மெல்லலாம்னு..." இடுப்பு மடிப்பில் செருகியிருந்த நாலைந்து கொழுந்துகளைப் பிடுங்கி எறிந்தேன். அவள் சிரிப்பு நின்றது.

"நேத்து?"

"நேத்து ஒனக்குத்தானே எடுத்தேன். நான் மெல்ல மறந்தே போச்சு."

கங்காணி என்ன நினைத்தாரோ, பனிக்குள் இறங்கிப் போனார். ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மூங்கில். நுனியில் மண் நிறமாகிப்போன ஈரத் துணி. முந்தைய நாள் காற்று மழையில் சாய்ந்து கால்வாயில் கிடந்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நிரைகளைப் பார்த்துக் கத்தினார்: "கொட்டுங்க! எல்லாரும் கூடையக் கொட்டுங்க! போய்க் கைய கழுவுங்க! தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தக் காட்சி இன்னும் கனவுபோல வருகிறது. பனிக்குள் வரிசையாகக் குனிந்து, ஓடையில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்த பெண்கள். தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொட்டாள்.

அன்று மத்தியானமே தோட்டத்து லோரியில் அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்றும் இல்லை என்றார்கள். பிறந்த பெண் குழந்தை, பின்வந்த விடுமுறைகளில் என் நுண்ணோக்கிக்குக் குறுக்கே கையை நீட்டி வெளிச்சத்தை மறைப்பாள். கங்காணி என்னைக் கண்டால், "என்னா தங்கச்சி, புழு என்ன சொல்லுது?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் பதிலுக்கு நிற்பார்.

தேநீர் ஆயுளைக் கூட்டுமா என்ற என் கேள்விக்கு அந்த விடுமுறையில் தெளிவான விடை கிடைக்கவில்லை. இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோகும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எனக்கு முன்னால் குடித்துப் பார்த்த, கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த உயிர்களுக்காக.