சகன் தட்டில் என் பங்கு

பக்கவாதம் வந்து சவூதியிலிருந்து திரும்பிய அத்தா, தன் சோற்றில் பாதியை எனக்காக விட்டுவைக்கிறார் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. பெருமையில் தலைகால் புரியவில்லை.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் கல்யாண வீடுகளில் சகன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அள்ளவேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக்கூடாது. சோறு சிந்தாமல் இருக்கட்டும் என்று அம்மா அத்தாவுக்கும் சகனிலேயே வைத்தார். அத்தா வலப்பக்கத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். இடப்பக்கம் சோறும் கறியும் அப்படியே கிடந்தன. நடுவில் வரப்புப் போட்டதுபோல் ஒரு கோடு. அதைத் தாண்டாத அவருடைய மரியாதையை மெச்சி, மிச்சத்தை நான் தின்று தீர்த்தேன்.

மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டது, இடது கையும் காலும் தேற நாளாகும், கண்ணில் குறையில்லை என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு ஏன் அத்தா இடது கன்னத்தைச் சவரம் செய்யாமலே விடுகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. அத்தாவின் விளங்காத கைக்கு உதவியாக அவர் எப்போதும் இடப்பக்கமே உட்கார்வார். அவர் கேட்டதற்கு அத்தா, வலப்பக்கம் இருந்த என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். அம்மா பக்கம் முகம் திரும்பவே இல்லை.

"சவூதியில இன்னும் ஒரு வருசம் இருந்துட்டு வாங்கன்னு நாந்தான் சொன்னேன். அந்தக் கோவம் அவுகளுக்குப் போகல" என்று அம்மா மாமாவிடம் அழுதார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாதித் தட்டுச் சோறு கிடக்கும்போதே அத்தா என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லு புள்ள, பசி அடங்கல" என்றார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அதான் கெடக்கே! நான் ஆக்குனது எறங்கலைன்னா வாய்விட்டுச் சொல்லிருங்க."

சண்டை மூள்வதற்குள் என் பங்கைக் காப்பாற்ற, சோறு கிடந்த பாதி என் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பினேன். அவ்வளவுதான். "கறி இருக்குதே, இம்புட்டு நேரம் எங்க வச்சிருந்தீக?" என்றபடி அத்தா எல்லாவற்றையும் தின்றுவிட்டார். நான் ஓவென்று அழுதேன்.

அம்மா என்னைத் தேற்றவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து சுற்றி வந்து, என்னை நகர்த்திவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

அத்தா அவரை உற்றுப் பார்த்தார். "எங்கிட்டுப் போயிட்ட? ஒன் மொகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

ரத்தம் எட்டாமல் மூளையில் ஒரு பகுதி கெட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகமே ஒருவருக்கு இல்லாமல் போகலாம் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து வலப்பக்கம் அம்மாவுடையது ஆயிற்று. இடப்பக்கம் உட்கார்ந்த என்னை அத்தா திரும்பியே பார்க்கவில்லை. தட்டைத் திருப்பிய கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.