தண்ணீரில் மிதந்த செம்புப் படலம்

என் கணவரின் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி எழுதியவர்களுக்கு முதலில் ஒரு திருத்தம். "சாரோட ஆராய்ச்சிக்கு டீச்சரம்மா ஜெபமாலை சொல்லிக்கிட்டே தகடு எடுப்பாங்க" என்று ஒருவர் எழுத, பலர் அதன் கீழே கும்பிடும் கைகளைப் போட்டிருக்கிறீர்கள்.

தவறு. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஜெபமாலையை எதில் பிடிப்பது? நான் ஜெபிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் என்னை விஞ்ஞானி என்கிறார். அதுவும் இல்லை. நான் பள்ளியில் கணக்கு நடத்தியவள். இயற்பியல் என் கணவருடையது.

தொண்ணூறுகளின் மே மாதங்கள்... ஜன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்திய அறை. திண்டுக்கல் வெயில் சுவர் வழியாக உள்ளே வரும். கழுத்தில் வழியும் வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாது. மேசைமேல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணம். அதில் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டர்.

"நம்ம ஊர்த் தண்ணியில எடுத்தம்னா, செம்பைப் பாக்குறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு வந்து நிக்கும் டீச்சர்" என்பார் என் கணவர். வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தக் கிண்ணத்தில் பிறகு நான் கஸ்டர்டு செய்ததே இல்லை.

அவர் கல்லூரி விரிவுரையாளர். விடுமுறையில் வடக்கே ஓர் அணு முடுக்கி நிலையத்துக்கு ரயிலேறுவார். எலக்ட்ரான்களில் சிலவற்றை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அந்த அயனிகளை அங்கே பெரும் வேகத்தில் மெல்லிய செம்புப் படலத்தின் வழியே செலுத்துவார்கள். போகிற போக்கில் அயனி, செம்பு அணுவின் உள்ளே இருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். காலியான இடத்துக்கு வெளிச்சுற்றிலிருந்து இன்னொன்று இறங்கும். அப்போது எக்ஸ்ரே வெளிவரும்.

படலம் இரண்டு மடங்கு தடித்தால் எக்ஸ்ரே இரண்டு மடங்கு வரவேண்டும் என்று கணக்கு டீச்சரான நான் சொன்னேன். அவர் சிரித்தார். உள்ளே போகப் போக அயனியும் தன் எலக்ட்ரான்களை இழந்து மாறிவிடுமாம். "உள்ள நுழைஞ்சவன் வேற, வெளிய வாரவன் வேற."

மாறுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், படலம் மிக மிக மெல்லியதாக இருக்க வேண்டும்.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சோப்புத் தடவிய கண்ணாடிச் சில்லின்மேல் செம்பை ஆவியாக்கிப் படியவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். சில்லைச் சாய்வாக நீரில் இறக்கினால் சோப்பு கரையும். செம்பு கழன்று நீர்மேல் மிதக்கும். அதை நடுவில் துளையிட்ட அலுமினியச் சட்டத்தில் கீழிருந்து ஏந்த வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் கிழிந்துவிடும்.

அவருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது. எம்பிராய்டரியில் ஒரு தையல் கோணினாலும் முழுப்பூவையும் பிரிக்கச் சொன்ன கான்வென்ட் சிஸ்டரிடம் வளர்ந்த கை இது.

படலம் சட்டத்தில் அமர்ந்ததும் எழுந்துபோய் மின்விசிறியைப் போடுவார். "மூச்சு விட்டுக்க, டீச்சர்" என்பார்.

பல தடிமன்களில் அளந்தார். வரைபடத்தில் புள்ளிகள் சேர்ந்தன. இடது ஓரம் மட்டும் காலியாகவே இருந்தது. அங்கே வரவேண்டிய மிக மெல்லிய படலம் ஒவ்வொரு முறையும் கிழிந்தது.

பிறகு அவருக்கு இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஐப்பசி அது. அவருடைய ஆய்வு மாணவர் ஜெயராஜ் மழையில் நனைந்துகொண்டு புதிய சில்லுகளைக் கொண்டுவந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிண்ணத்தை வைத்தேன். அன்றைக்குக் கிழியவில்லை.

"சட்டம் காலியால்ல இருக்கு" என்றார் அவர்.

ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். செம்பு சிவப்பாக இல்லை. வெளிச்சம் ஊடுருவியதில் இளம் பச்சையாக, இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே ஜெயராஜு, பத்திரம்டா."

"மடியிலயே வச்சுக்கிறேன் சார். இறங்குற வரைக்கும் கண்ண மூட மாட்டேன்."

"செமினார்லயே தூங்குறவன் நீ. வழியில கிழிஞ்சா கிழிஞ்சதுன்னு சொல்லிரு. எனக்கு எதுவாயிருந்தாலும் தெரியணும்."

பிறகு என்னைப் பார்த்தார். எழுந்துபோய் ஸ்விட்சைப் போட அவரால் முடியாது. ஆனாலும் சொன்னார்... "மூச்சு விட்டுக்க."

ஜெயராஜ் வடக்கே போய்ச் சேர்ந்து, முடுக்கியில் எங்கள் முறை வருவதற்குள் என் கணவர் போய்விட்டார். துக்கம் கேட்டு ஜெயராஜ் ஃபோனில் அழுதார். அந்த நேரத்தில் படலத்தைப் பற்றிக் கேட்பது அழகல்ல என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வரைபடம் என் பீரோவில் இருக்கிறது. இடது ஓரம் இன்னும் காலி.

இப்போது என் அறையில் மின்விசிறி நாளெல்லாம் ஓடுகிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. மூச்சு விட்டுக்கொள்ளச் சொல்லவும் ஆளில்லை.

அந்த ஜெபமாலைப் பதிவின் கீழே கும்பிடும் கைகளைப் போட்டவர்களில் ஜெயராஜும் ஒருவர் என்று பார்த்தேன். ஆகவே இதை அவர் படிப்பார்.

ஜெயராஜ் தம்பி, அந்தப் படலம் வழியில் கிழிந்ததா, அயனிகள் அதன் வழியே போயினவா? போயிருந்தால் புள்ளி எங்கே விழுந்தது? கிழிந்திருந்தால் கிழிந்தது என்றே சொல்லுங்கள். ஃபோன் செய்ய வேண்டாம், ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு எழுத்தில் பதில் அனுப்பவும்.