கிழமை சொல்லி வந்தவர்

கடைசிப் பிள்ளையையும் வோபர்னில் இறக்கிவிட்டு, நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் பின் இருக்கை வரை நடந்துகொண்டிருந்தேன். யாராவது நித்திரையாகி உள்ளே தங்கிவிட்டார்களா என்று பார்ப்பது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வேலை. அப்போதுதான் ரெஜினா அக்காவின் தங்கை தெரேசா அழைத்தார்.

"அக்கா போட்டா, பிள்ளை. விடியப்புறம் மூச்சு நிண்டிட்டுது. நீர் பஸ் ஓடிக்கொண்டு நிப்பீர் எண்டுதான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் இருந்தனான்."

மிச்ச இருக்கைகளையும் பார்த்து முடித்தேன். பிறகு கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதேன்.

ரெஜினா அக்காவை மாதா கோயிலில் கண்டவர்களுக்கு அவர் பூசைக்குப் பாட்டுப் பாடுபவர். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு, லிஃப்ற் பழுதானால் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுபவர். அவர் வேலை செய்த இடத்தைப் பற்றி, இதை வாசிக்கும் உங்களில் சிலருக்குத்தான் தெரிந்திருக்கும். மன்னாரிலிருந்து இந்தப் பனி நாட்டுக்கு அகதியாக வந்து, நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த காலத்தில், நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு பழைய வீட்டில் அவருக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் வாழ்ந்த அந்த வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் வீட்டைச் சுற்றிக் காட்டுபவர் வரவில்லை. வாசலில் சனம் காத்து நின்றது. தூசி தட்டிக்கொண்டிருந்த ரெஜினா அக்கா ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, வீடு முழுவதையும் தானே காட்டினாராம். "ஒன்பது வருசமாத் துடைச்ச சாமான்கள். எனக்குத் தெரியாததே?" என்று சொல்லுவார். அதன்பின் ஓய்வு பெறும்வரை அதுவே அவருடைய வேலை.

நான் அவரை அறிந்தது என் வாழ்க்கையின் மிக மோசமான மாதத்தில். பதினொரு வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி காலையில், காரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டு நின்ற என் கணவர் குகன் அப்படியே விழுந்தார். எழும்பவில்லை. அவருக்கு நாற்பத்து நாலு வயது. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு. வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள். எல்லாரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். "மனசைத் தேற்றிக்கொள்ளும்", "பிள்ளைகளுக்காக எண்டாலும் சாப்பிடும்", "என்ன வேணுமெண்டாலும் கூச்சப்படாமல் கேளும்" என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது யாரிடம் எதைக் கேட்பது?

ஐந்தாம் நாள் ரெஜினா அக்கா வந்தார். லிஃப்ற்றில் சிரித்துக்கொள்ளும் பழக்கத்தைத் தவிர எங்களுக்குள் வேறு உறவு கிடையாது. ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். எழும்பும்போது, "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாறன், உடுப்புத் தோய்க்க. நீர் எழும்பி வந்து கதைக்கத் தேவையில்லை. கதவை மட்டும் திறந்து விடும்" என்றார்.

துக்க வீட்டில் சொல்லும் வார்த்தை என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

அடுத்த செவ்வாயும் வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, உறவுகள் தங்கள் தங்கள் வேலைக்குத் திரும்பி, தொலைபேசி ஓய்ந்த பிறகும் வந்தார். கூடையை எடுத்துக்கொண்டு கீழே சலவை அறைக்குப் போவார். மடித்த உடுப்புகளோடு மேலே வருவார். நாலாவது வாரம், கட்டிலுக்கடியில் விழுந்து கிடந்த குகனின் சேட் ஒன்றை அக்கா எடுத்துக் கூடைக்குள் போடப்போவதைக் கண்டு நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து பறித்தேன். அதில் இன்னும் குகனின் மணம் இருந்தது. பறித்த வேகத்தில் அக்காவின் கையில் என் நகம் கீறிவிட்டது. அவர் கீறலைப் பார்க்கவே இல்லை. துவைத்த தலையணை உறை ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்து, "இதுக்குள்ள போடும். மணம் கொஞ்சக் காலம் நிக்கும்" என்றார். அன்றைக்குத்தான், குகன் போனபிறகு முதல் தடவையாக, நான் வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்தில் நின்று காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தம் வந்ததும், வற்புறுத்தி என்னை அந்தப் பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேல்மாடியில் ஒரு அறை. அந்த வீட்டுக்காரி முப்பத்தைந்து வயதில் விதவையானவராம். கழுத்திலிருந்து கால்வரை மூடிய கறுப்புச் சட்டை ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. இரண்டு வருடம் கறுப்பு உடுக்கவேண்டும், விருந்துகளுக்குப் போகக்கூடாது என்றெல்லாம் அந்தக் காலத்து வழக்கம். துக்கம் கேட்க வருபவர்கள் தங்கள் பெயர் அச்சடித்த அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு, அவரைக் காணாமலே திரும்பிவிடுவார்களாம்.

"எங்கட ஆக்கள் மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சன்" என்றேன்.

"எல்லா ஊரிலயும் பொம்பிளையைத்தான் பூட்டி வைச்சவங்கள்" என்றார் அக்கா.

மேசையில், கண்ணாடிக்குக் கீழே, அந்த வீட்டுக்காரிக்கு வந்த அனுதாபக் கடிதங்கள் இருந்தன. கறுப்புக் கரையிட்ட தடித்த தாள், அச்சுப்போன்ற கையெழுத்து. ஒன்று மட்டும் கிழித்தெடுத்த சாதாரணத் தாள், எழுத்துப் பிழைகளோடு. அதே தெருவில் இருந்த ஒரு சலவைக்காரி எழுதியது. திங்கட்கிழமை வந்து படுக்கை விரிப்புகளைத் தோய்த்துத் தருகிறேன், கீழே இறங்கி வரவேண்டாம் என்பது மட்டுமே அதிலிருந்த செய்தி. அக்கா கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். "மற்றக் கடிதம் எல்லாத்திலயும் கடவுள் இருக்கிறார், பிள்ளை. உதில மட்டும்தான் கிழமை இருக்கு."

படியிறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "அவ கறுப்பு உடுத்தது ரெண்டு வருசம். பிறகு இந்த வீட்டில பள்ளிக்கூடம் நடத்தி முப்பது வருசம் உயிரோட இருந்தவ. வாற சனம் எல்லாம் கறுப்புச் சட்டையைப் பற்றித்தான் கேக்குது. அந்த முப்பது வருசத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கினமில்லை."

அவரைத் தெய்வமாக்கி எழுதினால் அவருக்கே பிடிக்காது. அவரே எனக்குச் சொன்னது இது. ஊரில் தெரேசாவின் கணவர் இறந்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் அக்கா மூன்று வாரம் அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்கவில்லை. பிறகு எடுத்தபோது தங்கை பேசவில்லை. பல வருடம் பேசவில்லை. "அவளுக்கு வார்த்தை ஒண்டும் தேவைப்படேல்லை. நான் போனைப் பிடிச்சு மூச்சு விட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம்" என்றார். அந்தத் தவறுக்குப் பிறகுதான் அந்தச் சலவைக்காரியின் கடிதம் தன் கண்ணில் பட்டது என்றும் சொன்னார். அவர் நோய்ப்பட்ட செய்தி கேட்டுத் தெரேசா போன வருடம் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் குசினியில் மீன் வெட்டுவது பற்றிச் சண்டை பிடித்த சத்தம் எங்கள் மாடிவரை கேட்டது. அப்படி ஒரு சந்தோசமான சண்டையை நான் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒரு பெண் என்னிடம் வந்து, அக்காவை எப்படித் தெரியும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு வெள்ளி" என்றார். "என்ர மனுசன் செத்த வருசம். மரக்கறி வாங்கிக்கொண்டு வருவா."

பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் எங்களுக்குள் என்ன பேச்சு என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னோம். அவருக்குச் சனிக்கிழமை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அடக்கத்துக்கு வந்த இடத்தில் சிரிக்கிறோம் என்று வெட்கப்படவும் இல்லை. இத்தனை வருடத்தில் அக்கா ஒருவரிடமும் மற்றவரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒரு கேள்வி. குகனின் சாவு வீட்டில் பல பேர் என்னைக் கட்டிப்பிடித்து, "இனி என்ன செய்யப் போறாய்?" என்று ஒப்பாரியாக அழுதார்கள். இரண்டாவது கோடையில், அந்த மியூசியத்தின் பின்பக்கத் தோட்டத்தில் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே ரெஜினா அக்காவும் அதையே கேட்டார். "இனி என்ன செய்யப் போறாய்?" ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். பதில் வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் பயந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னேன்: "பெரிய பஸ் ஓட விருப்பம்." அவர் சிரிக்கவில்லை. "அப்ப லைசென்சுக்கு எங்க போகவேணும் எண்டு பார்ப்பம்" என்றார்.

இறப்பதற்குப் பத்து நாள் முன், வைத்தியசாலையில், குரல் மெலிந்திருந்த நேரத்திலும் கேட்டார். "மகனும் யூனிவேர்சிற்றிக்குப் போட்டான். இனி என்ன செய்யப் போறாய்?"

"ஒண்டும் யோசிக்கேல்லை, அக்கா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்துவிட்டேன். ஐம்பது வயதில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது; என்றாலும் பெயர் கொடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. நான் நீந்தப் பழகப் போறன், அக்கா.