பின்னறையில் ஒரு ஜெபம்

சுலியேத்தி ஒரு ஜன்னலைப் பார்த்தாலே போதும், அளவு நாடா வேண்டாம். அகலம், உயரம், எத்தனை கொக்கி என்று கடகடவென்று சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷம் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த கை. அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, பூமியின் தென்கோடியில் போரிருவா என்ற ஊரில், ஒரு பழைய கிடங்கில் ஹிலரி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஆரம்பித்திருந்த வேலையில் போய்ச் சேர்ந்தாள். மேட்டுத் தெருக்களின் வசதியான வீடுகள் கழித்துப் போடும் ஜன்னல் திரைகள் அங்கே மூட்டை மூட்டையாக வரும். அவற்றை வெளுத்து, வெட்டி, பின்னால் கனத்த லைனிங் வைத்துத் தைத்து, ஹீட்டர் போடக் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். பிள்ளைகள் தூங்கும் அறையில் மாட்டினால் ஹீட்டரின் பாதி வேலையைத் திரையே பார்த்துவிடும்.

குளிர்காலம் தொடங்கும் அந்த ஜூன் மாதம், சபையில் பழக்கமான கலோலைனேயின் மகள் லேசியேலி மறுபடி ஆஸ்பத்திரியில் என்று சுலியேத்திக்குச் சேதி வந்தது. ஒன்பது வயதுப் பெண். தொண்டைப்புண்ணில் தொடங்கி இதயத்தில் போய் உட்காரும் காய்ச்சல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்திருந்தது. இன்னொரு தடவை வந்தால் வால்வு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த முறை நல்லவேளையாக வெறும் நெஞ்சுச்சளிதான். ஆனால் அந்த வீட்டுக்கு மூன்று வாரம் முன்புதான் தன் கையால் தைத்த இரண்டு ஜோடித் திரைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அப்புறம் எப்படிச் சளி பிடித்தது?

போய்ப் பார்த்தாள். முன்னறையில் திரைகள் ஜம்மென்று தொங்கின, அடர் சிவப்பில், தரையைத் தொட்டுக்கொண்டு. லேசியேலியும் தம்பிகளும் தூங்கும் பின்னறையில் ஒரு படுக்கை விரிப்பை ஆணியடித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து, சுவர் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

"ஏன் கலோ, இதை ஹாலுக்கா குடுத்தேன்?"

லேசியேலியின் அம்மா கலோலைனே முந்தானையில்லாத குறைக்குக் கம்பளிச் சட்டையின் நுனியைத் திருகினாள். "வியாழக்கிழமை போதகர் ஜெபத்துக்கு வர்றாருக்கா. கிழிஞ்ச கர்ட்டனுக்குக் கீழ அவரை உக்கார வைக்கவா? சபையில அப்புறம் நான் தலை காட்ட முடியுமா?"

"பிள்ளைக்கு இதயம்டி."

"தெரியாமலா இருக்கு? உங்க வீட்டுப் பின்னறையில என்னக்கா தொங்குது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

சுலியேத்திக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டிலும் நல்ல திரை முன்னறையில்தான். மகன்கள் இருவரும் தூங்கும் அறையில் ஒரு பழைய போர்வை. தீவிலிருந்து பிழைக்க வந்த தொங்கன்காரர்கள் நாங்கள் எல்லோருமே இப்படித்தான். நல்ல பாய், நல்ல நாற்காலி, நல்ல பண்டம் எல்லாம் வருகிறவருக்கு. பிள்ளைகளுக்கு மிச்சம் மீதி. இதை வறுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மரியாதை தெரிந்த சனம் நாங்கள், அந்த மரியாதையே எங்கள் பிள்ளைகளைக் குளிரில் போட்டுவிடுகிறது.

ஹிலரி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "விளக்கமா ஒரு நோட்டீஸ் அடிப்போம். உங்க மொழியிலேயே. படம் போட்டு."

அடித்தார்கள். வழவழப்பான தாள், சிரிக்கும் குழந்தை, நாலு வண்ணம். அடுத்த வாரம் ஐந்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தாள் சுலியேத்தி. மூன்று வீடுகளில் நோட்டீஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு.

அன்றே போதகர் மோசேசேயின் வீட்டுக்குப் போனாள். ஆறடி உருவம், ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அரை மணிக்குக் குறையாது.

"போதகரையா, இனிமே வீட்டுக்கு வந்தா முன்னறையில உக்காராதீங்க. பிள்ளைங்க தூங்குற அறையில போய் ஜெபம் பண்ணுங்க."

போதகர் கையிலிருந்த கோப்பையை வைத்தார். "என்னம்மா பேசுறே? அடுத்தவன் வீட்டுப் படுக்கை அறைக்குள்ள நான் நுழையவா? சனம் காறித் துப்பும்."

"நீங்க எந்த அறைக்கு வர்றீங்களோ அந்த அறைதான் இந்த ஊர்ல நல்ல அறை ஆகும். நான் சொன்னா நடக்கல. நோட்டீஸ் சொல்லியும் நடக்கல."

அவர் கோப்பையை மறுபடி எடுத்துக் காலி பண்ணினார். பிறகு, "சரி, உன் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை காலையில வர்றேன்," என்றார். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்.

வீட்டில் கணவன் தானியேலா குதித்தான். "முன்னறைக் கர்ட்டனைக் கழட்டி அங்க மாட்டு. பூஞ்சையைத் தொடைச்சிரு. இல்லேன்னா மானம் போயிடும்!"

மாட்டலாம்தான். ஐந்து நிமிஷ வேலை. சுலியேத்தி நாற்காலி மேல் ஏறிக் கொக்கியில் கைகூட வைத்துவிட்டாள். மாட்டினால் போதகர் அழகான அறையைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார். கலோ வீட்டில் ஆணியடித்த விரிப்பு அப்படியே இருக்கும். இறங்கிவிட்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது, இருந்தாலும் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. போதகரும் அவர் மனைவியும் வந்தார்கள். சுலியேத்தி நேராகப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். தானியேலா முற்றத்திலேயே நின்றுகொண்டான். போதகர் போர்வை தொங்கிய ஜன்னலையும் கறுத்த சுவரையும் பார்த்தார். பிறகு பையன்களின் மெத்தைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். ஜெபம் பண்ணும்போது அவர் வாயிலிருந்து ஆவி பறந்தது. மூன்று நிமிஷத்தில் ஆமென் வந்துவிட்டது. எழுந்தபோது கால்சட்டையில் முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன. ஈரத்தைத் தட்டிக்கொண்டே வெளியே போனார்.

அவர் மனைவி மட்டும் வாசலில் தயங்கி நின்று, சுலியேத்தியின் காதருகே குனிந்தாள். "எங்க பின்னறைக்கும் ரெண்டு ஜோடி வேணும். அவர்ட்ட சொல்லிடாதே."

மறுநாள் ஆலயத்தில், பிரசங்கம் முடிந்து, போதகர் தொண்டையைச் செருமினார். "இனிமே வீட்டு ஜெபம் பிள்ளைங்க தூங்குற அறையிலதான். ஈரத்துல முட்டி போட எனக்கு வயசாயிடுச்சு. பாத்துக்குங்க."

சபை சிரித்தது. பெண்கள் மட்டும் சிரிக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் போரிருவாவில் எத்தனை வீட்டில் முன்னறைத் திரையைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறினார்களோ. கிடங்கில் தொலைபேசி ஓயவில்லை. ஹிலரி திகைத்துப்போய், "என்ன செஞ்சீங்க சுலியேத்தி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரை மருந்தாகாது. காய்ச்சல் திரும்பாமலிருக்க டாக்டர் எழுதிய ஊசியை மாதாமாதம் லேசியேலி போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவளுக்குத் தொண்டைப்புண் வரவில்லை. செப்டம்பரில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வால்வு அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை என்றார்.

அதைச் சொல்லத்தான் கலோலைனே சுலியேத்தியை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சிவப்புத் திரைகள் பின்னறைக்குப் போய்விட, முன்னறை ஜன்னல் மொட்டையாக இருந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாருங்கக்கா, ஊரே என் கிழிஞ்ச சோபாவைப் பாக்குது," என்றாள் கலோ.

"பாக்கட்டும்டி," என்றாள் சுலியேத்தி. மேற்கொண்டு ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. கலோ அவளை அந்த ஜன்னலுக்கு நேராகவே உட்கார வைத்து, தெரு பார்க்கப் பார்க்க, தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.