வில்லுக்குட்டைச் சேறு

தம்பிதுரைக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். மஞ்சள் வேகவைக்கையில் அடுப்பு புகைந்தால் அடுப்பைத் திட்டுவார். மொபட் கிளம்பாவிட்டால் அதைச் செய்தவனைத் திட்டுவார். தம்பி அங்கப்பனை மட்டும் திட்டுவதில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து அவனோடு பேச்சே கிடையாது.

காரணம் பெரிய ரகசியமில்லை. பெற்ற அய்யன் அங்கப்பனுக்கு, வில்லாக வளைந்து கிடக்கும் வில்லுக்குட்டையை ஒட்டிய பள்ளக்காட்டைக் கொடுத்தார். கறுப்பு வண்டல், குச்சியை நட்டாலும் துளிர்க்கும். தம்பிதுரைக்கு மேட்டுக்காடு, அதுவும் சரளை. எந்த அண்ணன் பொறுப்பான், சொல்லுங்கள்? தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

தொண்ணூற்றைந்து கோடையில் கோயமுத்தூரிலிருந்து கிருபாசங்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் வந்தார். பவானி ஆற்றங்கரைக் குட்டைகளின் அடிச்சேற்றைப் படிக்கிறாராம். சேற்றில் படிக்க என்ன இருக்கிறது என்று ஊரே சிரித்தது. தம்பிதுரை வேடிக்கை பார்க்கப் போய், டிரம் கட்டிய மிதவையில் கயிறு பிடிக்கிற ஆளாகிவிட்டார். வில்லுக்குட்டையில் மூன்று இடங்களில் பிளாஸ்டிக் குழாயை அடித்து இறக்கி, சேறு நிறைய உருவி எடுத்தார்கள். குழாய்களை அவருடைய மஞ்சள் களத்தில் வைத்து நீளவாட்டில் அறுத்தார் கிருபாசங்கர்.

உள்ளே கறுப்புச் சேறு. நடுவே மணல் பட்டை. மறுபடி கறுப்பு, மறுபடி மணல்.

"கறுப்பெல்லாம் தண்ணி அசையாம நின்ன காலமுங்க. மணல் இருக்கற எடம், ஆறு கரை மீறி உள்ள வந்தது. மணலைத் தூக்கிட்டு வர்றதுக்கு வேகம் வேணுமில்லீங்களா? அடியில பாருங்க, கூழாங்கல்லு. இந்தக் குட்டையே ஒரு காலத்துல ஆறுதானுங்க. ஆறு தள்ளிப் போயிருச்சு, வளைவு மட்டும் நின்னுபோச்சு."

"எங்கய்யன் காலத்துல ஆறு உள்ள வந்ததா யாரும் சொல்லலியே?"

"அதுக்கு முந்தி இருக்குமுங்க. எத்தன வருசம்னு ஆய்வுக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும்."

மூன்று குழாய்களில் ஒன்றில் மட்டும் மணல் பட்டை தடிப்பாக, பருமணலாக இருந்தது. தண்ணீர் நுழைந்த பக்கம் அதுதான் என்று மாணவர் கை காட்டினார். அங்கே அங்கப்பனின் பள்ளக்காடு. வீடு கட்டக் கடக்கால் தோண்டியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை கல் போடுகிறான்.

உள்ளதைச் சொன்னால், தம்பிதுரைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வேணும் அவனுக்கு! இத்தனை வருசம் பொறாமைப்பட்ட மண்ணே வெள்ளம் கொண்டுவந்து கொட்டியதுதானா! ஆனால் அது மத்தியானம் வரைக்கும்தான். சொன்னால் அண்ணனுக்கு வயிற்றெரிச்சல் என்று ஊர் சொல்லும். சொல்லாமல் விட்டால்? அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஒரு நாள் தவித்தார். வியாழக்கிழமை காலையில் பாதிக் குழாயை மாணவரிடம் கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு பள்ளக்காட்டுக்கு நடந்தார்.

அங்கப்பனின் மனைவி மாசாணியம்மாள் அவரைக் கண்டதும் பதறிப்போய், "வாங்க, வாங்க" என்றாள். பகையானாலும் வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

தம்பிதுரை குழாயைக் கடக்கால் ஓரத்தில் இறக்கிவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அங்கப்பன் சேற்றைப் பார்க்கவே இல்லை.

"மேல அணை கட்டியாச்சுங்க. இனி எங்கிருந்து வரும் வெள்ளம்?"

"அணை நெறஞ்சா தொறந்துதான விடுவாங்க?"

"நான் ஊடு கட்டறது பொறுக்கலீங்களாண்ணா?"

கடக்கால் வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். தம்பிதுரைக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"பொறுக்காதவன்னா வெள்ளி கழிச்சு, நீ கல்லு போட்டப்பறம் வந்திருப்பேன்டா. என் மேட்டுக்காட்டுல கெணத்துக்கு மேக்கால எடம் சும்மாதான் கெடக்குது. அங்க கட்டிக்க. எங்கூட நீ பேச வேண்டாம். புள்ளைங்க மேட்டுல தூங்கட்டும்."

அங்கப்பன் இப்போதுதான் குனிந்து குழாய்ச் சேற்றைப் பார்த்தான். பிறகு, "எழுதிக் குடுப்பீங்களா?" என்றான். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்ன?

"இன்னைக்கே வா, போலாம்."

வீடு மேட்டில்தான் எழும்பியது. பள்ளத்தில் கடக்காலை மூடி மஞ்சள் நட்டார்கள். அதற்குப் பிறகு பல மழைக்காலம் போயிற்று. ஆறு கரை மீறவில்லை. ஒரு குழாய்ச் சேற்றை நம்பி நிலத்தைத் தூக்கிக் கொடுத்தவர் என்று டீக்கடையில் இன்னமும் கிண்டல். போன மாதம்கூட அங்கே வரும் பொங்கியண்ணன், "ஏனுங்க, உங்க வெள்ளம் எப்பங்க வருது?" என்று வம்பிழுத்தார்.

தம்பிதுரை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வராமப் போனா எனக்கென்னங்க நட்டம்? தம்பி ஊடு பக்கத்துல இருக்குது."