பைப்பைக் கழற்றாமல் வால்வு மாற்ற முடியுமா?

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை 10.20. சென்னையில் ஓர் இதய டாக்டரின் மேஜை. ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை ஃபுட் வால்வு!

கிணற்று பைப்பின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்குமே... அதுதான். கொண்டுவந்து வைத்தவர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் மோட்டார் மெக்கானிக். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மோட்டாருக்கும் அவர்தான் வைத்தியர்.

அவருடைய அம்மா குப்பம்மாளுக்கு அறுபத்தொன்பது வயது. இதய வால்வு ஒழுகுகிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. "பெரிய டாக்டருகிட்ட எனக்குப் பேச வராது, கூட வாங்க சார்" என்று என்னை அழைத்து வந்திருந்தார் ஏழுமலை. பேச வராதவர், என்னைப் பேசவே விடவில்லை.

"வால்வை மாத்தணும்" என்றார் டாக்டர். "நடு நெஞ்செலும்பை அறுத்துத் திறக்கலாம். இல்லன்னா வலது பக்கம், விலா எலும்புக்கு நடுவுல சின்னதா கீறி உள்ள போகலாம். அம்மாவுக்கு அதுதான் சரிப்படும்."

ஏழுமலை ஃபுட் வால்வைத் தட்டிக் காட்டினார். "இத மாத்தணும்னா மொத்தப் பைப்பையும் மேல தூக்கணும் சார். இருபது வருஷமா செய்றேன். நல்லாத் தொறந்து பாத்தே செஞ்சிடுங்க."

இவரை மட்டும் சொல்வானேன்? ஊசி வலித்தால்தான் மருந்து வேலை செய்யும், மாத்திரை கசந்தால்தான் காய்ச்சல் போகும் — தழும்பை அளந்து டாக்டரை மதிப்பிடுகிறவர்கள்தானே நாம்?

பக்கத்து நாற்காலியில் இருந்த குப்பம்மாள் வாயைத் திறந்தார். "டேய், பைப்ப இறக்குன அன்னிக்கே மோட்டார் போட்டுடுவ. என்னையும் அன்னிக்கே ஓட்டிடுவியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அறுத்த நெஞ்செலும்பு ஒண்ணு சேர மூணு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் கைய ஊணி எழுந்திரிக்கக் கூடாது."

"சின்னதா கீறினா?"

"சில வாரம் போதும்."

குப்பம்மாள் அடி அண்ணாமலையில் தனியாக இருக்கிறார். மோர்க்கடை. வியாபாரம் தரையில் உட்கார்ந்துதான்.

"மூணு மாசம் யாரு கையப் புடிச்சி எழுந்திரிக்கிறது? உன் பொண்டாட்டி கையா? அவளே இடுப்புவலிக்காரி. சின்னதாவே கீறுங்க டாக்டரே."

"ரிஸ்க் கம்மியா சார்?" ஏழுமலை விடவில்லை.

"ஆபரேஷன் ஆபரேஷன்தாங்க. உள்ள செய்ற வேலை ஒண்ணுதான், வழிதான் வேற. இதயத்துக்குப் பதிலா ரத்தத்த ஓட்டுற மெஷின தொடை ரத்தக்குழாய் வழியா இணைக்கணும், அதனால எல்லாருக்கும் ஒத்துவராது. அம்மாவுக்குக் குழாய் நல்லா இருக்கு. தைரியமாச் சொல்றேன்."

ஏழுமலை ஃபுட் வால்வை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். பத்தாவது நாள் ஆபரேஷன் நடந்தது.

போன வாரம் புரட்டாசிப் பௌர்ணமி. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. மாலை 5.15. கிரிவலம் போகும் வழியில், அடி அண்ணாமலையில் மோர் கேட்டேன். பானை பின்னால் இருந்தது.

குப்பம்மாள் வலது கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.