பன்னிரண்டாம் ஸ்டேஷன்

திருவொற்றியூர் மெட்ரோவில் "அடுத்த நிலையம்" என்று அந்தப் பெண்குரல் சொல்லும்போதெல்லாம் என் முட்டி வலிக்கும்.

எழுபதுகளில் எங்கள் ராயபுரத்து வீட்டில் ஸ்டேஷன் என்றால் மூன்று. நைனா வேலை பார்த்த ரயில்வே ஸ்டேஷன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஏசு சிலுவை சுமந்த வழியை நினைத்து மாதா கோயில் சுவரோரம் நாங்கள் முட்டி போடும் சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்டேஷன். மூன்றாவது போலீஸ் ஸ்டேஷன். அந்தப் பேச்சே அம்மாவுக்கு ஆகாது. லத்தீனில் ஸ்டேஷன் என்ற சொல்லுக்கு நிற்பது என்று அர்த்தமாம், சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார்.

ஒரு தவக்கால வெள்ளியன்று, ஸ்ட்ரைக் கோஷம் போட்டதற்காக நைனாவைப் பிடித்துப் போய்விட்டார்கள். மத்தியானம் அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, மரச்சிலுவையோடு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கே போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா இது? கோயிலு அங்க கீது" என்றார் வாசலில் காவல் நின்ற ஏட்டு.

"எங்கூட்டுக்காரு இங்க கீறாரே."

மதிலோரமாக ஒவ்வொரு ஸ்டேஷனாக ஜெபம் சொல்லி நகர்ந்தோம். தார் ரோடு முட்டியைச் சுட்டது. பன்னிரண்டாவதில் ஆண்டவர் உயிர் விடுவார். அங்கே எல்லோரும் பேச்சில்லாமல் மண்டியிட வேண்டும். எங்களை விரட்ட இன்ஸ்பெக்டர் வெளியே வந்தபோது, தொப்பியைக் கழற்றிவிட்டு ஏட்டும் எங்களோடு மண்டியிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்த வழியே உள்ளே போனார்.

பதிமூன்றாவது முடியும்போது நைனா வெளியே வந்தார். அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது. முட்டி போடுய்யா."

போட்டார்.

மெட்ரோ நின்றது. லத்தீன்காரர்கள் நிற்பது என்றே சொல்லிக்கொள்ளட்டும். நான் முட்டியைத் தடவிக்கொண்டே இறங்கினேன்.